காதில் பதிந்த போர்வைத் தடம்

குல்லிக்கின் இடது காதில் கம்பளியின் தடம் பதிந்திருந்தால் அவருடைய தொட்டியில் பீர் இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடமாக இதைப் பார்த்துவருகிறேன். ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

சாலை வளைவில் எங்கள் ஐந்து வீட்டுத் தபால் பெட்டிகளும் ஒரே கட்டையில் அறையப்பட்டிருக்கின்றன. காலை பத்தரைக்கு நான் செய்தித்தாள் எடுக்கப் போவேன். அவரும் அப்போதுதான் வருவார். மற்ற நாட்களில் குல்லாய் இரண்டு காதையும் மூடியிருக்கும். தொட்டியில் பீர் இருக்கும் நாட்களில் மட்டும் இடது பக்கம் மேலே தள்ளப்பட்டிருக்கும். காது சிவந்து, மடலிலும் கன்னத்திலும் குறுக்கும் நெடுக்குமாக நெசவுக் கோடுகள் தெரியும். தொட்டியைச் சுற்றிக் கட்டிய கம்பளிப் போர்வையில் காதை அழுத்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டு வருகிறார் என்று தெரிந்துகொள்வேன்.

நான் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. "குளிர்தான்" என்பார். "ஆமா" என்பேன். அவரவர் தாளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம்.

குல்லிக் பெர்கன் நகரத்துக்குப் போகிற ரயில் பாதையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். சுத்தியலால் தண்டவாளத்தைத் தட்டி, வருகிற சத்தத்தை வைத்து எங்கே விரிசல் என்று சொல்லுவாராம். கூட வேலை பார்த்தவர்களே அதை வியந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பதினெட்டு ஆடுகள், ஒரு உருளைக்கிழங்குப் பாத்தி, வீட்டிலிருந்து தள்ளி, பீர் காய்ச்சவென்றே கல்லில் கட்டிய அடுப்பு வீடு. அந்த அடுப்பு வீட்டுக் கதவு என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் அறுபது அடி இருக்கும்.

பீர் காய்ச்சும் நாள் எனக்கு மனப்பாடம். காலையிலேயே செப்புக் கொப்பரையின் அடியில் பிர்ச் விறகு எரியும். ஜூனிப்பர் புதரின் மணமான கிளைகள் போட்டுக் கொதித்த தண்ணீரில்தான் முதலில் தொட்டி, மூடி, குழாய், அகப்பை எல்லாவற்றையும் கழுவுவார். நான் பதினாலு வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பால் கூடத்தில் கேன் கழுவப் போனவள். பாத்திரம் கழுவுகிறவர்களைப் பார்த்தால் ஆள் எப்படி என்று எனக்குத் தெரியும். குல்லிக் தொட்டியின் பலகை இடுக்குகளை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். பிறகு முளைகட்டி உலர்த்திய பார்லியை அதே ஜூனிப்பர் தண்ணீரில் ஊறவைத்து, வடித்த சாற்றைக் கொப்பரையில் நாலு மணி நேரம் கொதிக்க விடுவார். அது தொட்டிக்கு வந்து ஆறும்போது அவருடைய மனைவி பிரித்தா சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை நனைத்துப் பார்ப்பாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும். அவள் தலையாட்டினால்தான் க்வைக் உள்ளே போகும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஜாடியில் காத்து, அப்பா கையிலிருந்து மகன் கைக்கு வருகிற ஈஸ்டுக்கு அதுதான் பெயர்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் தொட்டியோடுதான் இருப்பார். சாற்றின் சூடு குறையாமல் கம்பளியைச் சுற்றிக் கட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். முதலில் சத்தமே இருக்காது. பிறகு காகிதத்தில் மணல் கொட்டுகிற மாதிரி வரும். அன்றைக்கே அது வாணலியில் கொழுப்பு பொரிகிற மாதிரி ஆகிவிடும். அடுத்த நாள் கூரைப் பலகைக்கல்லில் தூறல் விழுகிற மாதிரி தணியும். தூறலின் துளிகளைத் தனித்தனியாக எண்ண முடிகிறபோது தொட்டியைத் திறந்து பீரைப் பீப்பாய்க்கு மாற்றவேண்டும். முன்னாலேயே மாற்றினால் பீப்பாய் உப்பிக்கொள்ளும், வாயில் வெறும் இனிப்புதான் நிற்கும். தள்ளிப்போட்டால் உயிரில்லாமல் புளித்துக் கிடக்கும். எண்ண முடிகிற நேரம் அரை நாள்கூட நிற்காது. இதையெல்லாம் பிரித்தா எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை. துணி காயப்போடும் இடத்தில் அவளாகவே சொல்லிக்கொண்டிருப்பாள்.

தொட்டி திறக்கும் நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. அழைத்தால், என் பீரைப் புகழ வாருங்கள் என்று கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். நாங்களும் வரட்டுமா என்று கேட்பது அதைவிட வெட்கக்கேடு. அடுப்பு வீட்டுக் கூரையில் பகல் முழுக்கப் புகை நின்றால் சுற்றுவட்டாரம் பார்த்துக்கொள்ளும். விரலை மடக்கி இரண்டு நாள் எண்ணும். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல், இந்தப் பக்கமாக ஏதோ வேலையாக வந்தவர்கள்போல ஆட்கள் வந்து சேருவார்கள். தொலைந்த ஆட்டைத் தேடி வந்ததாக ஒருவர் சொல்லுவார். ஓடைக்கு அப்பால் மேட்டில் இருக்கும் ஹல்வார் மட்டும் பொய்யே சொல்லமாட்டார். "மூக்கு இழுத்துட்டு வந்துது, நான் அதுக்குப் பின்னாடி வந்தேன்" என்பார். மரக் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஏழு பேர், எட்டுப் பேர் இருப்பார்கள். சிரிப்புச் சத்தம் என் ஜன்னல் கண்ணாடி வரை கேட்கும். பிரித்தா ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் மூடி போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். உள்ளே வா என்று ஒரு முறைகூட வற்புறுத்தவில்லை. என்னை அவளுக்குத் தெரியும்.

பிரித்தா இறந்தது ஏழு வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில். அந்த டிசம்பரில் குல்லிக் தனியாகக் காய்ச்சினார். முழங்கையை அவரே நனைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆட்கள் வந்தார்கள். கிண்ணம் சுற்றியது. ஆனால் யாரும் பேசவில்லை. பிரித்தா நிற்கிற மூலையைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக நின்றுவிட்டு, இருட்டுவதற்கு முன்பே கலைந்துவிட்டார்கள். துக்கத்தில் அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்தேன். குல்லிக் வேறு மாதிரி நினைத்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கோடையில் அடுப்பு வீட்டுப் புகைபோக்கியைச் சோதிக்க வந்த ஆள் உள்ளே விளக்கைவிட்டுப் பார்த்து, மேலிருந்து கீழ்வரை விரிசல், இனி நெருப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாயைத் தகரத்தால் மூடி ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். பெர்கனில் இருக்கும் மகள் ரக்னா, அப்பாவுக்குக் கஷ்டம் வேண்டாமென்று மின்சாரத்தில் கொதிக்கும் பெரிய எஃகுக் கொப்பரை ஒன்று வாங்கி வந்தாள். சூட்டை எண்ணில் காட்டும் பெட்டி ஒன்றும் அதோடு வந்தது. தொட்டிக்குள் ஒரு கம்பியை விட்டால் போதும், படுக்கையில் இருந்தபடியே போனில் பார்க்கலாம் என்று வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். குல்லிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் கார் வளைவைத் தாண்டியதும் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

அந்த டிசம்பரில் மறுபடி அவர் காதில் தடம் பார்த்தேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை. அடுப்பு வீட்டு வாசலில் பனியை ஒதுக்கிப் பாதை போட்டார். இரண்டு பெஞ்சுகளைத் துடைத்து வைத்தார். கதவு திறந்தே இருந்தது. கிண்ணம் மேசையில் இருந்தது. மதியம் போய், வெளிச்சமும் போயிற்று. யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்திருந்தது. திங்கட்கிழமை தபால் பெட்டியில் பார்த்தபோதும் காதில் தடம் இருந்தது. ஐந்தாம் நாளிலும் தடம் இருந்து நான் பார்த்ததே இல்லை. தொட்டியை ஆட்களோடுதான் திறக்கவேண்டும். ஆட்கள் வரட்டும் என்று அவர் திறக்காமலே காத்திருந்திருக்கிறார். எண்ணுவதற்குத் துளி எதுவும் இல்லாமல் போயிருக்கும். புதன்கிழமை வாளி வாளியாகக் கொண்டுவந்து வேலிக்கு அப்பால் கொட்டினார். பனியில் பெரிய பழுப்புக் கறை. அது அடுத்த பனி விழும்வரை என் ஜன்னலில் தெரிந்துகொண்டே இருந்தது.

வசந்தத்தில் ஒரு முறை காய்ச்சினார். அதுவும் அப்படியே போயிற்று. அதற்கடுத்த டிசம்பரிலும் அப்படித்தான். நான் என்ன நினைத்தேன் என்றால், ஏதோ மனஸ்தாபம், வேலி தகராறோ ஆட்டுத் தகராறோ, ஊர் அவரை ஒதுக்கிவிட்டது என்று நினைத்தேன். உரிமையோடு போகிறவர்களே போகாதபோது நான் எப்படிப் போவது? ஜன்னல் திரையை இழுத்துவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

மூன்றாவது வருட நவம்பரில் ஒரு நாள், தபால் பெட்டி அருகில், அவர் போகாமல் நின்றார்.

"க்வைக் கெட்டுப்போச்சு, குரோ" என்றார். "அப்பா கையிலேர்ந்து வந்தது. என் கையில செத்துப்போச்சு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு தடவை போடறேன். அதுவும் இப்படியே போச்சுன்னா ஜாடியக் கழுவிக் கவுத்துடுவேன். கொப்பரைய ரக்னா எடுத்துட்டுப் போகட்டும்."

"பீர் நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்தா ஆளு வராம இருப்பாங்களா?" என்றார். "பிரித்தா இறந்த வருஷம் வந்தாங்கல்ல, ஒருத்தராவது வாயத் திறந்தாங்களா? குடிச்சாங்க, கீழ பாத்தாங்க, போயிட்டாங்க. சூடு தப்பா பாத்துட்டேன் போல. அவ முழங்கை வேற, என் முழங்கை வேற. நல்ல மனுஷங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம ஒதுங்கிட்டாங்க."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். "குளிர்தான்" என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கடையில் ஹல்வாருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். அவர் கூடையில் கிறிஸ்துமஸுக்கான உப்பிட்ட ஆட்டு விலா, அதன்மேல் ஒரு கட்டு டப்பா பீர். கல்லாவில் இருந்த பெண் அதைப் பார்த்துக் கேலி செய்தாள்.

"என்ன ஹல்வார், நீங்களே டப்பாவுல இறங்கிட்டீங்க?"

"என்ன பண்றது? குல்லிக் அடுப்பு வீட்டுல புகையப் பாத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சண்டையா?"

"சண்டை எதுக்கு? பிரித்தா போனா, அவனும் விட்டுட்டான். அவ்வளவுதான். அவன்கிட்ட போய் என்னன்னு கேக்கறது? ஏன்யா காய்ச்சலைன்னா? இவனுக்கு வாய் ஊறுதுன்னு நெனப்பான்."

"ஊறலையா?"

"ஊறத்தான் செய்யுது" என்றார் ஹல்வார்.

கையிலிருந்த ரொட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். எனக்குப் புகைபோக்கி வாயில் அடித்த தகரம் கண்ணில் தெரிந்தது. மின்சாரக் கொப்பரையில் ஆவி வரும். கதவைத் தாண்டினால் குளிரில் கரைந்துவிடும். மேட்டிலிருந்து பார்த்தால் கூரை வெறுமனேதான் இருக்கும். அவர் காய்ச்சுகிறார் என்பது இந்த வட்டாரத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது காதை வைத்து. குல்லிக்குக்கும் இது தோன்றியிருக்காது. தன் வீட்டுக் கூரைப் புகையை யாரும் வெளியே நின்று பார்ப்பதில்லை.

"அவர் காது…" என்று ஆரம்பித்தேன்.

ஹல்வார் திரும்பினார். "யாரு காது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

"குரோவே பேசிட்டா. இன்னிக்குக் கழுத்தளவு பனி கொட்டப்போகுது" என்று சொல்லிவிட்டு அவர் விலாவை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் யோசித்தேன். குல்லிக்கிடம் போய், நீங்கள் காய்ச்சுவது அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அவர் என்ன செய்வார்? ஹல்வார் வீட்டுக்குப் போய் நான் காய்ச்சியிருக்கிறேன் என்று சொல்லவேண்டும். அதற்கு ஜாடியைக் கவிழ்த்துவிடுவது மேல் என்பார். நான் ஹல்வாரிடம் சொன்னால், அடுத்தவர் வீட்டுத் தொட்டிக்கு நான் ஆள் கூப்பிட்டதாகிவிடும். எப்படிச் சொன்னாலும் அது அழைப்புத்தான். எங்கள் ஊரில் இந்த ஒரு விஷயத்தை வாயால் சொல்ல வழியே இல்லை. ரொட்டியை மேசையில் வைக்கும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வாயால் சொல்லவேண்டிய எதையும் நான் சரியாகச் சொன்னதில்லை.

டிசம்பர் இரண்டாவது வியாழக்கிழமை காலை அடுப்பு வீட்டில் விளக்கு எரிந்தது. பார்லி மூட்டை உள்ளே போவதைப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக வரும்வரை காத்திருந்து பத்து மணிக்குப் போனேன். அடுப்பு வீட்டுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல் உண்டு. அதன் பக்கத்திலேயே போன தடவை பயன்படுத்திய ஜூனிப்பர் கிளைகள் குவிந்து கிடந்தன. அவற்றைக் கல்மேல் இழுத்துப்போட்டுப் பற்றவைத்தேன்.

புகை வந்தது, ஆனால் எழும்பவில்லை. ஈரக் கிளை. புகை தரையோடு படுத்து ஏரிப் பக்கம் நகர்ந்து போய்விட்டது. என் வீட்டுக்கு ஓடி, காய்ந்த பிர்ச் கட்டைகளைக் கொண்டுவந்து அடியில் செருகினேன். சூடு ஏறியதும் புகை நிமிர்ந்தது. கூரை உயரம் தாண்டி, தகரம் அடித்த புகைபோக்கியை ஒட்டினாற்போல நேராக நின்றது.

குல்லிக் அகப்பையோடு வெளியே வந்தார்.

"குரோ. என்ன எரியுது?"

"கிளை."

"என்ன கிளை?"

"உங்க பழைய கிளைதான். குவிஞ்சு கெடந்துது."

"அதுக்கு நான் காய்ச்சற நாளாப் பாத்தியா? பிரித்தா இருந்தா உன்ன வாளித் தண்ணியோட தொரத்தியிருப்பா."

நான் குனிந்து இன்னொரு கட்டையைச் செருகினேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. அவர் புகையின் அடியைப் பார்த்தார். அப்படியே மேலே பார்த்துக்கொண்டு போனார். கூரை விளிம்பு, தகரம், அதற்கு மேல் புகை. பிறகு திரும்பி ஓடைக்கு அப்பால் ஹல்வாரின் மேட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அகப்பையிலிருந்து சாறு பனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்கேர்ந்து பாத்தா," என்றார், "இது எங்கேர்ந்து வர்ற மாதிரி தெரியும்?"

"புகைபோக்கியிலேர்ந்து வர்ற மாதிரி."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கை நிறைய விறகு இருந்தது. இரண்டு வருடமாக அடுப்பில்லாமல் கிடந்த விறகு. என் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். இரண்டு மணிக்கு வெளிச்சம் மங்கும்வரை நான் அந்தப் புகையை விழாமல் நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை தபால் பெட்டிக்கு வந்தபோது காதில் தடம் இருந்தது. "குளிர்தான்" என்றார். "ஆமா" என்றேன். நான் திரும்பியபோது, "இன்னும் எண்ண முடியலை" என்றார். தொட்டியின் சத்தத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சனிக்கிழமை பனியை ஒதுக்கவில்லை. பெஞ்சைத் துடைக்கவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தார். அதன் வழியாகத் தெரிந்தது: மூடியை ஒரு விரல் அளவு தூக்கி, தீக்குச்சியைக் கொளுத்தி இடுக்கில் நீட்டினார். பீர் இன்னும் பொங்கிக்கொண்டிருந்தால் அதன் வாயு கனத்து, குச்சி விளிம்பிலேயே அணைந்துவிடும். அங்கே அணையவில்லை. கொஞ்சம் உள்ளே போய்த்தான் அணைந்தது. இன்னொன்று கொளுத்தினார். பிறகு காதை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. சாலையில் ஒரு கார் போயிற்று, நிற்கவில்லை.

வாசலுக்கு வந்து என் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாகத் தெரியுமோ. எனக்கு முகம் சுட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு போனேன்.

"வந்து கேளு" என்றார். "எனக்கு என் நெஞ்சு அடிக்கறதுதான் கேக்குது."

நான் தலைத்துணியை ஒதுக்கிக் காதை வைத்தேன். போர்வை சூடாக இருந்தது. ஜூனிப்பரும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"எத்தனை?"

"ஏழு. எட்டு."

"தனித்தனியாவா?"

"தனித்தனியாத்தான்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பாதையில் யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அந்த உட்காரலை நான் ஜன்னலிலிருந்து மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஐந்து நாள் வரை போகும்.

"தெறந்துடுங்க" என்றேன்.

"ஆளு வரலையே."

"நான் வந்திருக்கேனே."

அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். எழுந்து கம்பளியின் கட்டை அவிழ்த்தார். மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்தார். மேலே பழுப்பு நுரை, நடுவில் கிழிந்து, அடியில் இருட்டாகப் பீர். குழாயைத் திறந்து முதல் கிண்ணத்தைப் பிடித்து, தான் வாய் வைக்காமல் என்னிடம் நீட்டினார். வெதுவெதுப்பாக இருந்தது. நாக்கில் லேசாகக் குத்தியது. பிரித்தா கொண்டுவந்து கொடுத்தது இதேதான். அது என் வீட்டுக்கு வருவதற்குள் ஆறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"எப்படி?"

"பிரித்தாவோடது மாதிரியே இருக்கு."

அவர் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். சுவரைப் பார்த்தபடி நின்று குடித்தார். க்வைக் சாகவில்லை.

இரண்டாவது பீப்பாய் பாதி நிறைந்தபோது வெளியே பனியில் மிதிபடும் சத்தம் கேட்டது. ஹல்வாரும் அவர் தம்பி மோன்ஸும், ஏரிக்கரையிலிருந்து இன்னொரு கிழவரும். வாசலில் நின்றுகொண்டார்கள்.

"ஆளு வர்றதுக்கு முன்னாடியே தொறந்துட்டியா?" என்றார் ஹல்வார்.

"ஆளு வந்தாச்சு" என்றார் குல்லிக்.

ஹல்வார் என்னைப் பார்த்தார். கிண்ணத்தை வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு, இன்னொரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வருஷமா இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

"நான் எங்க ஒளிச்சேன்? நீங்கதான் வரலை."

"புகை வரலையே."

மோன்ஸ் மின்சாரக் கொப்பரையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, புகைபோக்கியின் வாயில் வெளிச்சம் வரவேண்டிய இடத்தைப் பார்த்தார். "அப்போ வியாழக்கிழமை பாத்தது?" என்று கேட்டார்.

"அது பின்னாடி எரிஞ்சுது" என்றார் குல்லிக். யார் எரித்தது என்று சொல்லவில்லை. ஹல்வார் சிரிக்க ஆரம்பித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிக்க முடிந்தது அவரால். கடையில் நான் எந்தக் காதைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்று அவருக்கு அப்போது புரிந்ததா தெரியாது. அவரும் கேட்கவில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்றுவிட்டு, யாரும் கவனிக்காதபோது வீட்டுக்கு வந்துவிட்டேன். இருட்டும்வரை சத்தம் கேட்டது. பிறகு அவர்களும் போய்விட்டார்கள். குல்லிக் தனியாகத் தொட்டியைக் கழுவுவது தெரிந்தது. வெகுநேரம் கழுவினார்.

அதற்குப் பிறகு நாலு வருடம் ஆகிவிட்டது. குல்லிக்குக்கு இப்போது எண்பத்தொன்று. புகைபோக்கியில் தகரம் அப்படியே இருக்கிறது. வசந்தத்தில் ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை அவர் காய்ச்சுகிறார். அன்றைக்கு நான் பின்பக்கக் கல்லில் கிளைகளை எரிக்கிறேன். எரிக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை, காய்ந்த விறகை மட்டும் முந்தின நாளே கல்லருகில் அடுக்கி வைத்துவிடுவார். ரக்னாவுக்கு இது தெரியாது. மோன்ஸ் போன வருடம் இறந்துவிட்டார். ஹல்வார் முழங்கால் வலி விடுகிற நாளில் வருகிறார். இரண்டு பேர் வருவார்கள், சில தடவை மூன்று பேர். நடுவில் வருகிற மாதங்களில் குல்லிக் வீட்டுக்கு யாரும் போவதில்லை, என் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை. தபால் பெட்டி அருகில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். க்வைக் ஜாடிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவர் குளிர்பெட்டியில், ஒன்று என்னுடையதில்.